ஆத்தா மூஞ்சில வந்த கொப்புளமும் ஒரு ஆராய்ச்சியாளரோட கட்டுரைப் பட்டியலும்

2018 பங்குனில ஒரு நாள் காலைல எங்க ஆத்தா, அதான் எங்கம்மா, முகப்புத் திண்ணைல உக்காந்து கைக்கண்ணாடிய வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாக. கிட்டப் போயி நின்னேன். மூக்குக்கு ரெண்டு பக்கமும், நெத்தில, தாடைல, பொடிப்பொடியா கொப்புளம், ஒவ்வொண்ணு தலையிலயும் ஜவ்வரிசி மாதிரி வெளுப்பா ஒரு புள்ளி, சுத்தி தோல் கருத்துப்போயி இறுகிக் கிடந்துச்சு. சேலையக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாக, நெஞ்சுலயும் இறங்கியிருந்துச்சு. "எரியுதுய்யா, மொளகாப்பொடி பட்ட மாதிரி"ன்னு மட்டும் சொன்னாக.

அவுகளுக்கு அப்ப 67 வயசு. நுரையீரல்ல கேன்சர்னு தெரிஞ்சு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு, ஜெஃபிடினிப்னு ஒரு மாத்திரை, 250 மில்லிகிராம், தினம் ஒண்ணு, ஆரம்பிச்சுப் பதினோராவது நாள் அது.

காரைக்குடில இருக்கவங்களுக்குத் தெரியும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா அந்த நேரத்துலதான் நடக்கும், தெருவெல்லாம் பால்குடம், மஞ்சத்துணி, வேப்பிலை. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து ஒரு பார்வை பாத்துட்டு "அம்மா போட்டிருக்கு, தலைமாட்டுல வேப்பிலை வையிங்க"ன்னு சொல்லிட்டாக. வீட்ல எல்லாரும் அதையே நம்பிட்டோம். அம்மைன்னா வீட்ல தாளிக்க மாட்டோம், மருந்து மாத்திரை கொடுக்க மாட்டோம். கேன்சர் மாத்திரை டப்பாவ எடுத்து பீரோவுக்குள்ள வச்சவன் நான்தான். ஆறு நாள். அந்த ஆறு நாள்ல கொப்புளம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி எரிச்சல் கொறஞ்சுச்சு, அதப் பாத்து ஆத்தாளுக்கு அம்மன் எரக்கம் காட்டிருச்சுன்னு தண்ணி ஊத்தி மாவிளக்கும் போட்டோம். மாத்திரைய நிறுத்தினதுனாலதான் அடங்குதுன்னு ஒருத்தருக்கும் தோணல.

மாத்திரைய மறுபடி ஆரம்பிச்ச அஞ்சாவது நாள் திரும்ப வந்துச்சு, முன்னவிட அதிகமா. இந்தத் தடவை ஒரு ஸ்கின் டாக்டர்கிட்டப் போனோம், முகப்பருவுக்குக் கொடுக்குற க்ரீம் ஒண்ணு கொடுத்தாரு, அது காஞ்ச தோல இன்னும் காயவச்சு ஆத்தா ராத்திரி பூராத் தூங்கல. மதுரைல கேன்சர் பாக்குற ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினா அங்க இருந்த நர்ஸ் "இது மாத்திரையோட வேலைதான் சார், நீங்களா நிறுத்திராதீங்க, கூட்டிட்டு வாங்க"ன்னாங்க, ஆனா டாக்டர் பாக்க ஒரு வாரம் ஆகும்.

அந்த ராத்திரிதான் நான் முதமுதல்ல பப்மெட்னு ஒண்ணு இருக்குறதையே பாத்தேன். உலகத்துல வர்ற மருத்துவக் கட்டுரைகளோட சுருக்கமெல்லாம் போட்டு வைக்கிற இடம், அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவ நூலகம் நடத்துது, 1997ல இருந்து யார் வேணும்னாலும் சும்மாப் பாக்கலாம். மாத்திரை பேரையும் கொப்புளங்கறதுக்கு இங்கிலீஷ் வார்த்தையையும் போட்டுத் தேடினேன். வந்த கட்டுரைகள்ல ஒரு பேரு திரும்பத் திரும்ப வந்துச்சு. வெளிநாட்டுக்காரர், பேர இங்க போடல, அவருக்கு அது தேவையும் இல்ல. அந்தப் பேர அமுக்கினேன், அவர் எழுதினது மொத்தமும் வரிசையா இறங்குச்சு. பாத்ததும் கொழப்பம்தான். நுரையீரல் கேன்சர், நுரையீரல் கேன்சர், அப்புறம் தோல் அரிப்பு, அப்புறம் நகக்கண்ணு வீங்குறது, மறுபடி நுரையீரல், மறுபடி தோல் வறண்டு வெடிக்கிறது. இது ஒரே ஆளா இருக்க முடியாது, ஒரே பேருள்ள ரெண்டு டாக்டரோட கட்டுரைகளச் சேத்துப் போட்டுட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன்.

ஏன் அப்படித் தோணுச்சுன்னா எனக்கு தொழில் அது. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கேன். ஒரு பித்தளை அண்டா வந்தா முதல்ல கவுத்துப் போட்டு பேர் வெட்டியிருக்கான்னுதான் பாப்பேன். எங்க நகரத்தார் வீடுகள்ல சீர் சாமான்ல எல்லாம் விலாசம் வெட்டியிருப்பாங்க, விலாசம்னா இங்க அட்ரஸ் இல்ல, பேருக்கு முன்னாடி போடுற எழுத்துக. மூத்த பையனுக்கு ஐயா பேரு, அப்பச்சியோட அப்பச்சி பேரு வைக்கிறது வழக்கம், அதனால அண்ணன் தம்பி மூணு பேருன்னா மூணு வீட்டுலயும் மூத்தவனுக்கு ஒரே பேரு வந்துரும், எங்க தெருவுலயே நாலு லெட்சுமணன். எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய வீட்டு உதாரணம் சொல்லணும்னா எம்.ஏ.எம். ராமசாமி, அந்த மூணு எழுத்தும் முத்தையா, அண்ணாமலை, முத்தையா, நடுவுல இருக்க அண்ணாமலைதான் பல்கலைக்கழகம் வச்ச ராஜா சர் அண்ணாமலை செட்டியார். மூணு எழுத்துல மூணு தலைமுறை. விலாசம் தெரியாம வெறும் பேர வச்சு ஒரு சாமான இந்த வீட்டுதுன்னு சொன்னா கடைல ஒருத்தன் கூட நம்ப மாட்டான்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள்லயும் இதே சிக்கல்தானாம். குடும்பப் பேரு, அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு எழுத்து, அவ்வளவுதான் பட்டியல்ல வரும், சீனா கொரியால எல்லாம் ஒரே குடும்பப் பேரு லட்சக்கணக்கான ஆளுகளுக்கு இருக்கறதால ஒருத்தர் கட்டுரை இன்னொருத்தர் கணக்குல ஏறிரும், நம்ம தமிழ்ப் பேருகளுக்கோ எது குடும்பப் பேரு எது சொந்தப் பேருன்னு அவங்களுக்கு விளங்காது, ஒரே ஆளு ரெண்டு மூணு விதமா பதிவாகியிருப்பாரு. இதுக்காகவே 2012ல ஆர்கிட்னு ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க, ஆராய்ச்சி பண்றவுக ஒவ்வொருத்தருக்கும் 16 இலக்க நம்பர், அந்த நம்பருக்குக் கீழ வர்றது அவரோடது.

இதெல்லாம் எனக்கு சொல்லிக்கொடுத்தது செக்ரில வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன். காரைக்குடிக்காரங்களுக்கு செக்ரி பத்திச் சொல்ல வேண்டியதில்ல, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு. அப்படி ஒண்ணு ஊருக்குள்ள இருக்கறதோட பலன் எனக்கு அன்னிக்குத்தான் நேரடியாப் புரிஞ்சுச்சு, காலைல ஏழு மணிக்குக் கதவத் தட்டினா கட்டுரைப் பட்டியல் படிக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷன் காப்பி கொடுத்து உக்கார வைக்கிறாரு. அண்ணன் சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. "எத்தன கட்டுரைன்னு எண்ணாதப்பா, அது சந்தைக் கணக்கு. முதப் பேரு யாரு, கடைசிப் பேரு யாருன்னு பாரு. முதப் பேருக்காரர்தான் பெரும்பாலும் வேலையச் செஞ்சு எழுதினவரு, கடைசிப் பேரு அந்தக் கூட்டத்தக் கட்டி மேய்ச்சவரு. அப்புறம் கடைசிப் பக்கத்துல யார் காசு கொடுத்தாங்கன்னு போட்டிருக்கும், அதப் படிக்காம முடிவச் சொல்லாத." இன்னொண்ணும் சொன்னாரு, மேல இருந்து படிக்காத, கீழ இருந்து, பழசுல இருந்து படி.

கீழ இருந்து படிச்சேன். அப்பத்தான் கட்டு அவிழ்ந்துச்சு.

அந்தப் பட்டியல்ல இருந்தது ஒரே ஆள்தான், கேன்சர் டாக்டர். ஆரம்பத்துல எல்லாம் நுரையீரல் கேன்சருக்கு வந்த புது மாத்திரைகளப் பத்தி, பெரிய கூட்டத்துல நடுவுல ஒரு பேரா இருக்காரு. கொஞ்ச வருஷம் கழிச்சு அந்த மாத்திரை சாப்பிட்டவுக மூஞ்சில என்ன வருதுன்னு ஒரு சின்னக் கட்டுரை, அதுல அவர் முதப் பேரு. அதுக்கப்புறம் நகம், தலைமுடி, அரிப்புன்னு வரிசையா போகுது, கடைசி வருஷங்கள்ல கடைசிப் பேரா இருக்காரு. நுரையீரலுக்குக் கொடுத்த மாத்திரை தோல்ல வந்து எழுதுறத அவர் பின்னாடியே போயி படிச்சிருக்காரு.

ஏன் தோல்ல வருதுங்கறதுக்கான காரணம் 1962ல போயி நிக்குது. ஸ்டான்லி கோஹன்னு அமெரிக்கால ஒரு உயிர்வேதியியல்காரர், எலியோட எச்சில் சுரப்பில இருந்து ஒரு புரதத்தப் பிரிச்செடுத்து அப்பத்தான் பொறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டுப் பாத்தாரு. சாதாரணமா ரெண்டு வாரம் கழிச்சுக் கண்ணு முழிக்க வேண்டிய குஞ்சு ஒரு வாரத்துல முழிச்சிருச்சு, பல்லும் சீக்கிரம் மொளச்சிருச்சு. இமைத் தோல் வேகமா வளந்து பிரிஞ்சதுதான் காரணம். அதனால அந்தப் புரதத்துக்கு அவங்க வச்ச பேருலயே மேல்தோல வளக்குற பொருள்ங்கற அர்த்தம் இருக்கு. 1986ல அதுக்கு நோபல் பரிசு வந்துச்சு. அந்தப் புரதம் வந்து ஒட்டுற இடத்தத்தான் ஈஜிஎஃப்ஆர்னு சொல்றாங்க, செல்லோட மேல்பக்கம் இருந்துக்கிட்டு "வளரு"ன்னு வர்ற சேதிய வாங்கி உள்ள அனுப்புறது அதோட வேலை. ஆத்தாளோட பயாப்ஸி ரிப்போர்ட்ல எக்ஸான் 19 டெலிஷன்னு போட்டிருந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னா நுரையீரல் கேன்சர் செல்லுல அந்தச் சேதி வாங்குற எடம் கெட்டுப்போயி, யாரும் சேதி அனுப்பாமலே வளரு வளருன்னு உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கு. மாத்திரை போயி அத அடைக்குது. ஆனா நல்ல தோலுக்கும் அதே எடம்தான் உயிரு, மேல்தோலோட அடி வரிசைலயும் முடிவேர்லயும் அது நெறைய இருக்கு, அங்கயும் மாத்திரை அடைச்சிருது, தோல் மெலிஞ்சு காஞ்சு வீங்கிக் கொப்புளமா வருது. கிருமியும் இல்ல, எண்ணெய்ச் சுரப்பில வர்ற பருவும் இல்ல. முகப்பரு க்ரீம் ஏன் எரிஞ்சுச்சுன்னு அப்பப் புரிஞ்சுச்சு.

இந்தக் கெட்டுப்போன ஈஜிஎஃப்ஆர் இருக்கவங்களுக்குத்தான் இந்த மாத்திரை நல்லாக் கேக்குதுன்னு 2004ல தான் கண்டுபிடிச்சிருக்காங்க, அமெரிக்கால ரெண்டு குழு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. சிகரெட்டே தொடாதவங்ககிட்ட, அதுலயும் ஆசியாக்காரங்க, பொம்பளைககிட்ட இது அதிகம். எங்க ஆத்தா பீடி சிகரெட் வாசமே பிடிக்காதவுக. ரெண்டாங்கட்டுல வெறகடுப்பு முன்னாடி உக்காந்து கல்யாணம் கார்த்திகைன்னு பலகாரம் சுட்ட வருஷம் மட்டும் முப்பதுக்கு மேல, வீட்டுக்குள்ள வெறகு எரியிற புகைய புற்றுநோய் ஆராய்ச்சிக்கான உலக அமைப்பு "கேன்சர் வர வாய்ப்புள்ளது"ங்கற 2ஏ பட்டியல்ல வச்சிருக்கு. ஆத்தாளுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல, ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா "பொம்பளைக்கு எப்படி வந்துச்சு, வீட்ல யாரு சிகரெட் குடிக்கிறது"ன்னு துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கேட்டவுக எத்தன பேரு.

2009ல வந்த ஐபாஸ்ங்கற பெரிய ஆய்வையும் அன்னிக்கே படிச்சேன், இதே ஜெஃபிடினிப், ஆசிய நாடுகள்ல 1217 பேரு, கம்பெனி காசுலதான் நடந்துச்சு, அதையும் கடைசிப் பக்கத்துல போட்டிருக்காங்க. அதுல மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 66.2 சதவீதம் பேருக்கு தோல்ல கொப்புளம் வந்திருக்கு. மூணுல ரெண்டு பேரு! இந்த ஒரு எண்ண மாத்திரை கொடுக்கும்போதே எனக்கு யாராவது சொல்லியிருந்தா அந்த ஆறு நாள் நடந்திருக்காது. சின்ன எழுத்துச் சீட்டுல இருந்துருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா உங்க ஆத்தாளுக்கு இன்னும் பத்து நாள்ல மூஞ்சில இது வரும் பயப்படாதீங்கன்னு ஒரு வாயி சொல்லணும்.

அந்த ஆராய்ச்சியாளர் மேல எனக்கு மரியாதை வந்ததும் இதுனாலதான். உயிர் காக்குற மாத்திரையப் பத்தி எழுதினா பெரிய பத்திரிகைல வரும், பேரு வரும். மூஞ்சில வர்ற கொப்புளத்தப் பத்தி எழுதினா யாரு மதிப்பா, கேன்சர்காரனுக்கு அழகு ஒரு கேடான்னு கேக்குற உலகம் இது. ஆனா கொப்புளம் தாங்காம மாத்திரைய நிறுத்திட்டா உள்ள இருக்கறது வளருமே. வெளிய தலைகாட்ட முடியாம, சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போக முடியாம, தொத்துமோன்னு பேரன எடுத்துக் கொஞ்ச பயந்துக்கிட்டு எங்க ஆத்தா இருந்தாக, அத யாராவது ஒருத்தர் உக்காந்து கணக்கெடுக்கணுமே. சிகாகோல 2005ல மரியோ லகூச்சர்ங்கற தோல் டாக்டர் இந்த மாத்திரைகளால தோல் கெட்டவங்களுக்குன்னே தனியா ஒரு க்ளினிக் ஆரம்பிச்சிருக்காரு. 2010ல அவர் குழு வெளியிட்ட ஒரு ஆய்வு, அது குடல் கேன்சர்காரங்ககிட்ட நடந்தது, மருந்து வேற ஆனா அடைக்கிற எடம் இதே ஈஜிஎஃப்ஆர்தான். தோல் கெட்டதுக்கப்புறம் வைத்தியம் பாக்காம, ஆரம்பத்துலயே ஈரப்பசைக்கு ஒரு க்ரீம், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன், லேசான ஸ்டீராய்டு க்ரீம், டாக்ஸிசைக்ளின் மாத்திரைன்னு ஆறு வாரம் கொடுத்துருக்காங்க. வந்தப்பறம் பாத்துக்கலாம்னு விட்டவங்கள்ல 62 சதவீதம் பேருக்கு ஓரளவுக்கு மேல தோல் கெட்டுச்சு, முன்கூட்டியே கொடுத்தவங்கள்ல 29 சதவீதம். அந்த நாலும் ஒண்ணும் புது மருந்து கிடையாது, நம்ம ஊரு மருந்துக்கடைல கெடைக்கிறதுதான்.

இன்னொண்ணு படிச்சத அப்பவே செஞ்சு பாத்தேன். தோல் எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்றதுக்கு டாக்டருக ஒடம்பு பரப்புல எத்தன சதவீதம்னு கேப்பாங்களாம், நோயாளியோட உள்ளங்கை, விரலோட சேத்து, ஒரு சதவீதம். நம்ம கை இல்ல, அவுக கை. "ஆத்தா, ஒங்க கையக் கொடுங்க"ன்னு வாங்கி, அவுக கையாலயே அவுக மூஞ்சி, கழுத்து, நெஞ்சு, முதுகுன்னு அளந்தோம். மாவு பிசைஞ்சு பிசைஞ்சு ரேகையே தேஞ்சு போன கை. "என்னய்யா, சேலைக்கு மொழம் போடுற மாதிரி போடுற"ன்னாக. பன்னெண்டு கை வந்துச்சு. பத்துக்குக் கீழன்னா ஒண்ணாவது படி, பத்துல இருந்து முப்பதுன்னா ரெண்டாவது படி. நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சேன்.

ஆனா ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. கட்டுரைகள்ல இருந்த போட்டோ எல்லாம் வெள்ளத்தோல்ல எடுத்தது, செக்கச்செவேல்னு இருக்கு. ஆத்தாளுக்கு செவப்பே இல்ல, கருப்பாத்தான் இருக்கு. நம்ம நிறத்துல எது எப்படித் தெரியும்னு காட்டுற படம் தேடித் தேடிப் பாத்தேன், ரொம்பக் கம்மி. நான் பேரு போடாத அந்த ஆராய்ச்சியாளரோட கட்டுரைல கடிதம் போடுறதுக்கு ஈமெயில் இருந்துச்சு, அண்ணன் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தாரு, அனுப்பினேன். பதில் வரும்னு நெனைக்கல. ரெண்டாம் நாள் வந்துச்சு, நாலே வரி. எத்தனாவது நாள்ல வந்துச்சு, எந்த சோப்பு போடுறாங்க, மாத்திரைய நடுவுல நிறுத்தினீங்களான்னு மூணு கேள்வி. நாலாவது வரில, கருத்த தோல்ல செவப்பு தெரியாம கருப்பாவோ பழுப்பாவோதான் தெரியும், ஆனா ஈமெயிலப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க, தினம் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுத்துக் கொண்டு போங்கன்னு இருந்துச்சு.

மதுரைல டாக்டர்கிட்ட போட்டோவையும் நோட்டையும் காட்டினேன். அவரு நிதானமாப் பாத்தாரு, ஆறு நாள் நிறுத்தினதுக்குத் திட்டல, டாக்ஸிசைக்ளினும் க்ரீமும் எழுதினாரு. வெந்நிக் குளியல் வேணாம், சனிக்கிழமை எண்ணெய் தேச்சு அரப்புப் போட்டுத் தேய்க்கிறத நிறுத்துங்க, வெயில்ல போனா முந்தானையால மூஞ்சிய மூடிக்கங்கன்னாரு. அரப்ப விட ஆத்தாளுக்கு மனசே வரல, சோப்பப் போயி ஒரு சோப்புன்னு சொன்னவுக. மூணு வாரத்துல பன்னெண்டு கை நாலு கையாச்சு. மூணாவது மாசம் ஸ்கேன்ல நுரையீரல்ல இருந்தது பாதிக்கு மேல சுருங்கியிருந்துச்சு. கொப்புளம் வந்தவங்களுக்கு மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு சில ஆய்வுகள்ல இருக்கு, அதுக்காக வராதவங்க பயப்பட வேணாம், வராமலே நல்லாக் கேட்டவங்களும் நெறைய உண்டு. இப்ப ஒசிமெர்டினிப் மாதிரி அடுத்து வந்த மாத்திரைகள் கெட்டுப்போன எடத்த மட்டும் குறிவச்சு அடைக்கிறதால தோல்ல இவ்வளவு வர்றதில்ல.

போட்டோ எடுக்குறத நான் நிறுத்தல. அப்புறம் மாசம் ஒண்ணு, முகப்புல அதே திண்ணை, காலை எட்டு மணி வெளிச்சம், கிழக்க பாத்து உக்காருவாக. முதல்ல கூச்சப்பட்டாக, அப்புறம் அவுகளே "ஒண்ணாந் தேதி ஆச்சேய்யா, எடுக்கலையா"ன்னு கேப்பாக. ஒரு போட்டோல பேரன் மடில இருக்கான். ஒண்ணுல கைல சீப்புச்சீடை மாவு காயாம இருக்கு, எங்க ஆச்சி மக கல்யாணத்துக்கு, ஆச்சின்னா எனக்கு மூத்தவக, அவுக வீட்டுக்கு இவுக உக்காந்துக்கிட்டே பலகாரத்துக்குப் பக்குவம் சொல்லிக்கிட்டு இருந்த அன்னிக்கு. தாடைல ரெண்டு மூணு புள்ளி எல்லாப் போட்டோலயும் இருக்கும். புதுசா வந்துருக்கான்னு பாக்குற கண்ணு போயி, இருக்கான்னு பாக்குற கண்ணு எனக்கு வந்திருச்சு, அது இருந்தா மாத்திரை உள்ள போயிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மாத்திரை பதினாறு மாசம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஸ்கேன்ல மறுபடி வளந்திருந்துச்சு, நிறுத்திட்டாங்க. கடைசிப் போட்டோ நிறுத்தி ரெண்டாவது மாசம் ஒண்ணாந் தேதி எடுத்தது. ரொம்ப மெலிஞ்சிருந்தாக, தூணுல சாச்சு உக்கார வச்சிருந்தோம். கைக்கண்ணாடியக் கேட்டு வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி ஒரு பக்கம், மறுபக்கம்னு பாத்தாக. நெத்தி, மூக்கு, தாடை, எங்கயும் ஒரு புள்ளி கெடையாது, தோல் பளிச்சுனு இருந்துச்சு. "பாத்தியாய்யா, எல்லாம் போயிருச்சு"ன்னு கன்னத்தத் தடவிக் காட்டினாக.

ஆமா ஆத்தா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு போட்டோவ எடுத்தேன்.